கேள்வி தெருவில் இருக்கிறது

(பாவூர்சத்திரத்தில் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்ப் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது. மருத்துவம், கல்வி, சமூகம், மொழி, வரலாறு, கலை எல்லாம் ஒன்றுகூடி நடத்தும் பல்துறை ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். பாவூர்சத்திரத்தில் நின்று பேசும்போது அந்தப் பேச்சு செல்லாது. இங்கே பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஆய்வுக்கான கேள்வி நம் எதிரே வருகிறது. காமராசர் காய்கறிச் சந்தைக்குள் போனால் கத்தரியும் வெண்டையும் சின்ன வெங்காயமும் கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. அந்தச் சந்தையின் விலை, அதை விளைவித்தவர் தெளித்த பூச்சிமருந்து, அவர் பிள்ளையின் படிப்பு என்று ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் நாலு நூல் வரும். ஆனால் இன்றைக்குச் சந்தையை விட்டுவிட்டுத் தெருவுக்குள் போகலாம் என்று நினைக்கிறேன். கீழப்பாவூர், ஆவுடையானூர், குறும்பலாப்பேரி, கல்லூரணி, ஆலங்குளம், முக்கூடல் என்று எந்த ஊரின் தெருவுக்குள் போனாலும் திண்ணையிலும் நடுவீட்டிலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீடி சுற்றுகிறவர்கள். நான் சொல்ல வந்த ஒன்றை அந்தத் தட்டை வைத்தே சொல்கிறேன்.

இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பீடிக் கம்பெனியின் கடையிலிருந்து பீடி இலையும் புகையிலைத் தூளும் நிறுத்துத் தருவார்கள். இலையை நனைத்து, பதம் பார்த்து, அளவாகக் கத்தரிக்க வேண்டும். தூளை வைத்துச் சுற்றி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். பிறகு எண்ணி, கட்டுக் கட்டி, கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏஜண்டு பார்த்துச் சரியில்லை என்று சொல்வதைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரம் சுற்ற ஒருத்திக்கு நாள் முழுவதும் ஆகும். அதற்கு நடுவில்தான் சோறு பொங்குவது, தண்ணீர் பிடிப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடைக்காலத்தில் பழங்குடி மக்கள் பறித்தது. தூள் குஜராத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வந்தது. இந்தியாவில் பீடித் தொழிலாளர் ஏறக்குறைய 50 லட்சம் பேர் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள்.

இப்போது அந்தப் பெண்ணிடம் ஒரு மருத்துவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குனிந்த முதுகைப் பார்க்கிறார், இருமலைக் கேட்கிறார், கண் எரிச்சலை விசாரிக்கிறார். புகைக்காத பெண்ணின் உடம்பிலும் நிகோடின் ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியும். தோல் வழியாகவும் தூசி வழியாகவும் ஏறும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் புகையிலைத் தொழிலாளரிடம் செய்த ஆய்வுகள் அவர்களுடைய சிறுநீரிலேயே நிகோடினையும், அது உடலுக்குள் மாறி உண்டாகும் கோட்டினினையும் கண்டு சொல்லியிருக்கின்றன. ஆகவே மருத்துவர் "இந்த வேலையை விட்டுவிடுங்கள் அம்மா" என்கிறார். அவர் சொல்வது சரி.

அடுத்து ஒரு பொருளாதார ஆய்வாளர் வருகிறார். வீட்டுச் செலவுக் கணக்கை எழுதுகிறார். மழை பொய்த்த வருஷத்தில் வயலில் கூலி இல்லாதபோதும் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பீடிக் கூலியால்தான் என்று கண்டுபிடிக்கிறார். அவரும் சரி. கல்வி ஆய்வாளர் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டி, எட்டாம் வகுப்புக்கு மேல் இந்த வீடுகளின் பெண்பிள்ளைகள் எந்தெந்த நாளில் வரவில்லை என்று குறிக்கிறார். அவரும் சரி. மூவரும் மூன்று கட்டுரை எழுதுகிறார்கள். மூன்றும் வெவ்வேறு இதழில் வருகின்றன. மூவரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் உதவித்தொகை, முக்கூடல் மாதிரி ஊர்களில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை, வீடு கட்ட மானியம் எல்லாம் வந்தன. இது போக வருங்கால வைப்புநிதி இருக்கிறது. இந்தப் பகுதியில் அதை எல்லாரும் பி.எஃப். என்றுதான் சொல்வார்கள்; எத்தனையோ வீடுகளில் மகள் கல்யாணமே அந்தப் பணத்தில்தான் நடந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். மருத்துவர் சொன்னபடி அந்தத் தாய் வேலையை விட்டால், அவளோடு பி.எஃப். நிற்கும், அட்டையின் பயன் நிற்கும், மகளின் உதவித்தொகையும் நிற்கும். உடம்பைக் காப்பாற்றச் சொன்ன அறிவுரை படிப்பைக் கெடுக்கும். படிப்பைக் காப்பாற்ற நினைத்தால் உடம்பு போகும். இந்த முடிச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மருத்துவருக்குத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தட்டை எடுக்கிறாள். மூன்று கட்டுரையில் ஒன்றில்கூட இந்த முடிச்சு இல்லை, ஏனென்றால் அது மூன்று துறைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி தரும் பாஸ் புத்தகம் ஒருத்தி பெயரில் இருக்கும். சுற்றுவது மூன்று பேராக இருக்கும். அம்மா சுற்றுவாள், பாட்டி இலை வெட்டுவாள், பள்ளிவிட்டு வந்த பிள்ளை முனை மடக்கிக் கொடுப்பாள். கம்பெனிக் கணக்கில் ஒரு தொழிலாளி. அரசுக் கணக்கில் ஒரு தொழிலாளி. நுரையீரலுக்குள் தூசி போவது மூன்று பேருக்கு. புள்ளியியல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திராதவர் இந்த மூன்றை ஒன்றென்றே எழுதுவார். எண்ணத் தெரிந்தவரும் உட்காரத் தெரிந்தவரும் சேர்ந்தால்தான் எண்ணிக்கையே சரியாகும்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மக்களின் வாழ்க்கை ஏற்கெனவே பல்துறையாகத்தான் இருக்கிறது. நாம்தான் நம் வசதிக்காக அதைத் துறை துறையாகப் பிரித்தோம். பல்துறை ஆய்வு என்பது, கேள்வியை முதலில் தெருவிலிருந்து எடுத்து, அதற்கு எந்தெந்தத் துறை தேவையோ அதைப் பிறகு கூப்பிடுவது. துறையை வைத்துக்கொண்டு கேள்வி தேடுவது அல்ல.

இன்றைக்கு நாட்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. பெயரில் பல்துறை என்று சேர்த்துக்கொண்ட ஆய்விதழ்கள் ஏராளம். ஒரே இதழில் பல் மருத்துவம், சிலப்பதிகாரம், வங்கிச் சேவை, மீன் வளர்ப்பு என்று அடுத்தடுத்து வரும். ஒரு கட்டுரைக்காரருக்கு மற்றவர் எழுதியது தெரியாது, படிக்கவும் மாட்டார். பணம் கட்டினால் வெளியிடும் இதழ்கள் பெருகி, 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. முனைவர் பட்டத்துக்குக் கட்டாயம் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2022ஆம் ஆண்டு விதிமுறையில் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்பது என் கருத்து. கட்டுரை எண்ணிக்கைக்காக ஓடிய பிள்ளைகள் எத்தனை பேரின் உழைப்பும், அவர்கள் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணமும் வீணாகியிருக்கின்றன என்று நினைத்தால் மனசு வலிக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல்துறைக் கல்வி என்று வற்புறுத்துகிறது. பல துறைகளை ஒரே வளாகத்தில் வைப்பதால் மட்டும் அது வந்துவிடாது. ஒரே கேள்வியின் முன்னால் பல துறைக்காரர் உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்கள் உண்டா? உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆஸ்திரியாவிலிருந்து வருகிறது. வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நூற்பாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஆலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள். ஊரே வேலை இழந்தது. 1931இன் கடைசியில் மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரின் தலைமையில் இளைஞர் குழு ஒன்று அங்கே போனது. யஹோடா உளவியல் படித்தவர், லாசர்ஸ்ஃபெல்ட் கணிதம் படித்தவர், சைசல் சட்டம் படித்தவர். வேலையின்மை மனிதனை என்ன செய்கிறது என்பது கேள்வி.

அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வீடு என்ன சமைத்தார்கள் என்று எழுதினார்கள். வேலையின்மை உதவித்தொகை வருவதற்கு முந்தின நாளும் வந்த மறுநாளும் பள்ளிப் பிள்ளைகள் என்ன சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்று பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார்கள். நூலகத்துக் கணக்கைப் பார்த்தார்கள்: வேலை போய் நேரம் கூடியிருந்தது, ஆனால் படிப்பது குறைந்துவிட்டது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், அவர்களுக்கு வீட்டில் வேலை போகவில்லையே! மருத்துவரும் உளவியலாளரும் ஆசிரியரும் கணக்கரும் ஒரே ஊரைப் பார்த்ததால்தான் இது கிடைத்தது. தனித்தனியாகப் போயிருந்தால் நடையின் வேகத்தையும் நூலகத்தின் பதிவேட்டையும் யார் ஒன்றாக வைத்துப் பார்த்திருப்பார்கள்?

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு விதி. வெறுமனே வேடிக்கை பார்க்கிறவராக அந்த ஊரில் ஒருவரும் இருக்கக் கூடாது. ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையோடுதான் இருக்க வேண்டும். வியன்னாவிலிருந்து துணிமணி திரட்டி வந்து கொடுத்தார்கள். இலவச மருத்துவம் பார்த்தார்கள். துணி வெட்டித் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் அவர்களை நம்பியது. 1933இல் புத்தகம் வந்தது. அது இன்றைக்கும் சமூக அறிவியல் படிப்பவர்கள் எடுத்துப் படிக்கிற நூல்.

அதற்கும் முன்னால், 1854இல், லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அது குடிநீரால் பரவுகிறது என்றார். அவரை முதலில் நம்பாதவர்களில் ஒருவர் அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். மறுக்க வேண்டும் என்று வீடு வீடாக விசாரித்த வைட்ஹெட், கடைசியில் ஸ்னோ சொன்னது சரி என்பதற்கு வலுவான ஆதாரத்தைத் தானே கண்டெடுத்தார். அந்தக் குழாயடிக்குப் பக்கத்து வீட்டில் முதலில் நோயுற்ற குழந்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மருத்துவரிடம் கருத்து இருந்தது, பாதிரியாருக்குத் தெரு தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது உண்மை தெரிந்தது.

சரி, வெளிநாடு போதும். நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்கு வருவோம். 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பேராசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரம் கற்பிக்க வந்தார். மறுவருஷமே அவர் தன் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன், வீட்டுச் செலவு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் செய்தார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஓர் ஊர், திருநெல்வேலிக்கு வடக்கே மதுரைச் சாலையிலுள்ள நம் கங்கைகொண்டான். அதே ஊர்களை 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆராயச் செய்து 1940இல் வெளியிட்டார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானுக்குத் திரும்பப் போய், 1916 முதல் 1984 வரை என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதினார். இன்றைக்கு அங்கே சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. ஓர் ஊருக்கு மூன்று தலைமுறைக் கணக்கு கையில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து! பாவூர்சத்திரத்துக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால், பீடி வருவதற்கு முன்னால் இந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், பீடி வந்ததும் வீட்டுக்குள் யார் சொல் எடுபட்டது, யார் சொல் எடுபடவில்லை என்பதற்கெல்லாம் இன்றைக்கு ஆதாரம் இருந்திருக்கும்.

அடுத்து நான் சொல்லப்போகிறவர் நம் மண்ணின் மகன். பேராசிரியர் நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தார். வேதியியல் படித்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் துறைத் தலைவராக இருந்ததில்லை. பொதுவுடைமை இயக்கத்தில் ஊறியவர். அவர்தான் 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று பலரும் கூடி, ஒருவர் கட்டுரை படிக்க மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். அதில் வரலாறும் தத்துவமும் நாட்டார் வழக்காறும் மானிடவியலும் ஒன்றாக இருந்தன. ஆனால் நான் முன்னே சொன்ன கலவை இதழைப் போல அல்ல. எல்லாக் கட்டுரைக்கும் அடியில் ஒரே கேள்வி இருந்தது: தமிழ்ச் சமூகம் எப்படி இப்படி ஆனது? ஆ. சிவசுப்பிரமணியன் மாதிரி ஆய்வாளர்கள் அந்தக் குழுவிலிருந்து வந்தார்கள். பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவனின் எழுத்திலும் அந்த மரபின் காற்று உண்டு.

வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் ஒன்று முத்துப்பட்டன் கதை. நம் பக்கத்துக் கதை. பிராமண வாலிபன் ஒருவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணந்து, அவர்கள் தொழிலையும் கற்று, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்து தெய்வமானான். காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் பட்டவராயன் என்ற பெயரில் அவனைத் தெரியும். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வளர்க்கப்பட்டவர்கள் என்று சில வடிவங்களில் வரும் பகுதி பின்னால் சேர்த்தது என்று வானமாமலை எடுத்துக் காட்டினார். ஏன் சேர்த்தார்கள்? சாதி கடந்த கல்யாணத்தைச் சகிக்க முடியாதவர்கள் கதையை வளைத்தார்கள். ஒரு வில்லுப்பாட்டின் பாடவேறுபாட்டிலிருந்து ஒரு சமூகத்தின் மனநோயை அவர் படித்தார். இலக்கியப் படிப்பு எதற்குப் பயன்படும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு கிராமத்தில் எந்தச் செவிலியர் எந்த வீட்டு வாசலோடு நிறுத்தப்படுகிறார், எந்தத் தெருப் பெண் சுகாதார நிலையத்தில் கடைசியாக உட்கார்கிறாள் என்பது மருத்துவப் பாடநூலில் இல்லை. பாட்டில் இருக்கிறது. ஒப்பாரியில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது யாரிடமும் சொல்லாத வலியைச் சாவு வீட்டில் நம் பெண்கள் சொல்லி அழுகிறார்கள். அதைக் கேட்கப் பழகிய ஒரு தமிழ் மாணவி, நூறு கேள்வி அச்சடித்த படிவத்தைவிட அதிகமாக ஒரு மருத்துவருக்கு உதவ முடியும்.

துறைகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் கண்முன்னே ஒரு சாட்சி இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் படிப்பில் இல்லை, பசியில் இருக்கிறது என்று கண்டதால்தான் 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அன்றைய திருநெல்வேலி ஜில்லா அது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. கல்வித் துறையின் கேள்விக்குச் சமையலறையில் விடை கிடைத்தது.

பீடிக்கு வருகிறேன். கேரளத்துக் கண்ணூரில் 1960களின் கடைசியில், தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தச் சொன்னதும் பெரிய பீடிக் கம்பெனி ஒன்று தன் தொழிற்கூடங்களை மூடியது. வேலை இழந்தவர்கள் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். அந்தக் கூடங்களில் ஒருவர் உரக்கச் செய்தித்தாளும் புத்தகமும் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படிக்கிறவரின் பங்கு வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். தொழிற்கூடமே பள்ளிக்கூடமாக இருந்தது. பின்னால் பீடி விற்பனை சரியத் தொடங்கியபோது அந்தக் கூட்டுறவு குடை, உணவுப்பொருள், ஆடை என்று மாறிக்கொண்டது. நம் பெண்கள் வீட்டுக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாசிப்பும் இல்லை, சேர்ந்து முடிவெடுக்க ஓர் இடமும் இல்லை. இது தொழிலாளர் பிரச்சினையா, கல்விப் பிரச்சினையா, கட்டடப் பிரச்சினையா? எல்லாமும்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்பே, 2004இல், ஒப்புதல் அளித்தது. அதன் 17ஆம் பிரிவு, புகையிலையை நம்பி வாழும் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் வேண்டும் என்கிறது. புகைப்பது குறைய வேண்டும், சந்தேகமே இல்லை. குறையும் ஒவ்வொரு பீடியும் ஒரு நுரையீரலுக்கு நல்லது. ஆனால் அந்தக் குறைவின் சுமையை ஆவுடையானூரிலிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் இறக்கக் கூடாது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது, நலநிதிக்காகப் பீடி மீது வசூலித்த தனித் தீர்வையும் நின்றுபோனது. அவளுக்கென்று இருந்த நிதியின் ஊற்று அன்றைக்கு அடைபட்டது. மாற்று வேலை என்றால் எது? தையலா, காய்கறி பதப்படுத்துவதா, பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் வந்ததுபோல வேறு ஏதாவதா? பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்ய முடியுமா? மாமியார் அனுப்புவாரா? சாயங்காலம் திரும்ப பஸ் உண்டா? இவ்வளவுக்கும் ஒரே துறை எப்படிப் பதில் சொல்லும்?

நமக்கு ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒரே சாலையில் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து இருக்கிறது. அடுத்த வருஷமே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் 1990இலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி. நடுவில் பாவூர்சத்திரம். ஒரு பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இத்தனையையும் கடந்துவிடலாம். இவர்களை ஒரே திண்ணையில் உட்காரவைக்கும் வேலைதான் பாக்கி.

தங்கைகளே, உங்களில் எத்தனை பேரின் தாய் பீடி சுற்றுகிறார் என்று நான் கையைத் தூக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பியதில் பெரிய அறிவு இருந்தது. உங்கள் வீட்டு இலையின் ஈரமும் கடைக்குப் போகும் நாளின் அவசரமும் உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் இரண்டு வருஷம் உழைத்துத் தெரிந்துகொள்வதை நீங்கள் எட்டு வயசிலேயே தெரிந்துகொண்டீர்கள். அதை மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்காதீர்கள். அதுதான் உங்கள் தகுதி. உங்களுக்குத் தெரியாத மருத்துவத்துக்கு ஒரு மருத்துவ மாணவரை, கணக்குக்கு ஒரு புள்ளியியல் மாணவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு தெரு போதும். ஒரு வருஷம் அந்தத் தெருவை விடாதீர்கள். இலை நனைக்கும் நேரம், சுற்றும் நேரம், கழிவு எத்தனை, பிள்ளை பள்ளிக்குப் போகாத நாள், வலி வந்த நாள், கேட்ட பாட்டு, சொன்ன கதை எல்லாம் ஒரே நோட்டில் ஏறட்டும். அந்த நோட்டைத் தாய்மாரே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஒரு கண்டிப்பும் உண்டு. சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. பெயரை வெளியே விடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதையெல்லாம் விரிவாகச் சொல்கின்றன. மருத்துவ மாணவர்கள் மட்டும் அல்ல, தமிழ் படிப்பவர்களும் படிக்க வேண்டும். முடிவு முதலில் தமிழில் எழுதப்பட்டு, முதலில் அந்தத் தெருவில் படிக்கப்பட வேண்டும். அக்டோபர் 2ஆம் தேதி ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து படியுங்கள். இதழுக்குப் பிறகு அனுப்பலாம்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக உங்கள் வாசலுக்கு வருவார்கள். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். ஆனால் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "எல்லாம் எழுதிட்டுப் போற, முடிவை என்னைக்கு வந்து எங்ககிட்டச் சொல்லுவ?" என்று கேளுங்கள். அதற்குத் தேதி சொல்கிறவரிடம் மட்டும் பேசுங்கள்.